கண்ணுக்குள்ளே ஒரு துப்புரவுப் பணி!

வீட்டை ஒரு வாரம் கூட்டாமல் விட்டுப் பாருங்கள். மூலைக்கு மூலை குப்பை! உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லிலும் இதே கதைதான். பழுதான புரதங்கள், சக்தி தயாரித்துத் தேய்ந்துபோன பாகங்கள் எல்லாம் உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். செல் கெட்டிக்காரத்தனமாக அவற்றை ஒரு மெல்லிய பையில் சுற்றி, லைசோசோம் என்கிற ஜீரணப் பையோடு சேர்த்துவிடும். அங்கே எல்லாம் கரைந்து, மூலப்பொருளாகத் திரும்பச் செல்லுக்கே கிடைக்கும்.

தன்னையே தின்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் இந்தக் காரியத்துக்கு 'ஆட்டோபேஜி' என்று 1963-ல் பெயர் வைத்தவர் பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ். இது எப்படி நடக்கிறது என்பதை ஈஸ்ட் செல்லை வைத்துக் கண்டுபிடித்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீர்களா?

சம்பந்தம் கருவிலேயே ஆரம்பிக்கிறது. விழித்திரை உருவாகும்போது தேவைக்கு மேலேயே நரம்பு செல்கள் உண்டாகும். வேண்டாதவை தாமாகச் சாகும். அவற்றைப் பக்கத்து செல்கள் விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்யும். 2008-ல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், கோழிக் கருவின் விழித்திரையில் ஆட்டோபேஜியைத் தடுத்துப் பார்த்தார்கள். செத்த செல்கள் அகற்றப்படாமல் அப்படியே தேங்கிவிட்டன! சாகிற செல் 'என்னை எடுத்துக்கொள்' என்று அக்கம்பக்கத்துக்குச் சைகை காட்டவும் கொஞ்சம் சக்தி வேண்டும். அந்தக் கடைசிச் சக்தியைத் தருவது ஆட்டோபேஜிதான்.

பிறந்த பிறகு விஷயம் இன்னும் முக்கியமாகிறது. தோல் செல் போனால் புதுசு வரும். விழித்திரையின் நரம்பு செல் போனால் போனதுதான். ஒவ்வொரு கண்ணிலும் சுமார் 10 லட்சம் செல்களின் இழைகள் ஒன்றுசேர்ந்துதான் மூளைக்குப் போகும் பார்வை நரம்பாகிறது. எழுபது, எண்பது வருஷம் அதே செல்கள் உழைக்கணும். உள்ளே துப்புரவு நின்றால் என்ன ஆகும்? 2006-ல் ஜப்பானில் சுண்டெலிகளின் நரம்பு செல்களில் மட்டும் ஆட்டோபேஜியை நிறுத்திப் பார்த்தார்கள். வேறு எந்த வியாதியும் கொடுக்கவில்லை. ஆனாலும் மூளையின் செல்களில் குப்பை சேர்ந்து, நரம்பு செல்கள் அழிந்து, அவற்றின் நடையே தடுமாறியது.

விழித்திரையில் இன்னொரு விசேஷம் உண்டு. ஒளியை உணரும் செல்களின் நுனி தினமும் கொஞ்சம் உதிரும். விடிந்து வெளிச்சம் பட்டதும் இது அதிகமாக நடக்கும். பின்னால் இருக்கும் நிறமி செல்கள் அதை விழுங்கி ஜீரணிக்கும். ஏறக்குறைய பத்து நாளில் நுனி முழுக்கப் புதுசாகிவிடும். ஜீரணமாகாத மிச்சம் மட்டும் வயசாக ஆகக் கறையாகத் தங்கும். எங்கள் வைத்தியத்தில் மந்தம் என்போமே, அதுபோல வைத்துக்கொள்ளுங்களேன்.

இதைப் படித்ததும் சிலருக்கு ஒரு யோசனை வரும். 'பட்டினி கிடந்தா ஆட்டோபேஜி கூடுமாமே, கண்ணும் தெளியுமா?' லங்கணத்தை மருந்தாகப் படித்தவன்தான் நான். ஆனாலும் சொல்கிறேன், பட்டினியால் மனிதர் கண்ணில் நரம்பு செல் பிழைத்ததாக நிரூபணம் கிடையாது. க்ளாக்கோமா பற்றி எலிகளிடம் செய்த ஆய்வுகளிலேயே, ஆட்டோபேஜி செல்லைக் காப்பதாகச் சிலவும் கெடுப்பதாகச் சிலவும் சொல்கின்றன. ஆகவே, 'விரதம் இருக்கேன், சொட்டு மருந்தை நிறுத்திடலாமா ஐயா?' என்று கேட்காதீர்கள். நிறுத்தவே கூடாது! சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால், சர்க்கரை இறங்கி மயக்கமே வந்துவிடலாம். இலைச் சாற்றை வீட்டில் பிழிந்து கண்ணில் விடுகிற வேலையும் வேண்டாம்.

நிஜமாகவே கவனிக்க வேண்டியது வேறு. முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் தரப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை, லைசோசோமின் அமிலத்தைக் குறைத்து இந்த ஜீரணத்தையே மந்தப்படுத்தும். பல வருஷம் சாப்பிடுகிற சிலருக்கு விழித்திரை கெடுவதற்கு இதையும் ஒரு காரணமாகக் கருதுகிறார்கள். அருமையான மருந்துதான், பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவு, உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஆரம்பித்த முதல் வருஷத்துக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதற்கும் முன்பே தொடங்க வேண்டும். பார்வை மங்கின பிறகு போனால் இழந்தது திரும்பாது, மாத்திரையை நிறுத்தினாலும் சேதம் தொடரலாம். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்குப் போதாது. பார்வைப் பரப்பை அளக்கும் சோதனையும் ஓ.சி.டி. ஸ்கேனும் வேண்டும் என்று கண் டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.