புல்மோட்டை மணலும் ஒரு பொறியியலாளரின் வேலையும்

அணு உலையே இல்லாத நாட்டில் அணுக்கருவிப் பொறியியலாளருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் புல்மோட்டைக் கடற்கரையை மறந்துவிடுகிறார்கள். திருகோணமலை நகருக்கு வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் கிடக்கும் அந்தக் கறுப்பு மணலில் பெரும்பகுதி இல்மனைட். கூடவே ரூட்டைல், சிர்கோன், சிறிதளவு மொனசைட். 1957இல் அமைந்த கனிய மணல் கூட்டுத்தாபனம் பெரும்பாலும் விலைபேசியது முதல் மூன்றையே. மொனசைட்டுக்குள் தோரியம் இருக்கிறது; ஆகவே உலை வராவிட்டாலும் கதிரியக்கத்தை அளக்கும் தேவை இங்கே இருக்கிறது. அப்படி அளக்கும் கருவி நிலைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் அதன் பதார்த்தத்தால்தான்.

காமாக் கதிரை அளக்கப் பரவலாகப் பயன்படுவது தாலியம் கலந்த சோடியம் அயடைட்டுப் பளிங்கு. 1948இல் ரொபேர்ட் ஹொஃப்ஸ்டாட்டர் அறிமுகப்படுத்தியது. கதிர் பட்டதும் மினுங்கும் இந்தப் பளிங்கு, மாரிக்காலத்தில் அடுக்களை உப்பைப்போல ஈரத்தை இழுக்கும்; பின் மஞ்சளித்து மங்கிவிடும். அதனால் அதைக் கண்ணாடிச் சாளரம் பொருத்திய அலுமினிய உறையில் காற்றுப்புகாமல் அடைக்கிறார்கள். உலோகமும் கண்ணாடியும் வெப்பத்தில் ஒரே அளவாக விரிவதில்லை; பொருத்தில் மயிரளவு வெடிப்பு விழுந்தால் போதும், ஈரம் உள்ளே புகுந்துவிடும். உலைக்குள் நிலைமை இன்னும் கடுமை. அங்கே வைக்கும் ஒருவகை உணர்கருவி வெறும் ரோடியக் கம்பி. நியூத்திரனை விழுங்கிய ரோடியம் 42 செக்கன் அரைவாழ்வுடன் சிதைந்து இலத்திரனை உமிழ, வெளி மின்சாரமின்றியே சிறு மின்னோட்டம் பிறக்கிறது. கம்பியைச் சுற்றிய மக்னீசியம் ஒட்சைட்டுத் தூளில் ஈரம் சேர்ந்தால் அந்தச் சிறு மின்னோட்டம் கசிந்து, அளவீடே பொய்க்கும்.

நம் சிர்கோனிலிருந்து உலைக்கான சிர்கோனியத்தையே செய்யலாமே என்பார்கள். அது எளிதல்ல. சிர்கோனியம் நியூத்திரனை அநேகமாகத் தடுக்காது; தாதுவில் அதனோடு ஒட்டிப்பிறந்த ஹஃப்னியமோ ஏறத்தாழ அறுநூறு மடங்கு விழுங்கும். இரண்டையும் பிரிக்கத் தூத்துக்குடிக்கு அருகே பழையகாயலில் இந்தியா ஓர் ஆலையே நடத்துகிறது. அதன் பின்னால் அத்தனை உலைகள் இருக்கின்றன. நமக்கு அந்தச் சந்தை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கருவிகளை இறக்குமதி செய்தால் போதும் என்ற வாதத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. வாங்கிய கருவியும் இதே உப்புக்காற்றில்தான் வேலை செய்யவேண்டும். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் ஓர் ஒழுங்குறுத்தும் சபையை அமைத்தது. அதன் பரிசோதனைகள் நிற்பது கருவி காட்டும் எண்ணின் மேல்தான். அடைப்பு கசிந்ததை இங்கேயே கண்டுபிடித்துத் திருத்த ஆள் வேண்டாமா?

பழைய பாடமும் ஒன்றுண்டு. 1904இல் ஆனந்த குமாரசுவாமி இலங்கையில் கண்டெடுத்த தோரியனைட் என்ற தோரியக் கனிமம் கப்பலேறியது. அடுத்த ஆண்டே இலண்டனில் ஓட்டோ ஹான் அதிலிருந்து ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டறிந்தார். கல் நம்முடையது, ஆய்வுகூடம் அவர்களுடையது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் துறை தெரிவுசெய்யப்போகும் திருகோணமலைப் பிள்ளைகளே, பதார்த்த விஞ்ஞானத் துறையையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.