தேர் ஓடும் நாள் தெரியும்
பட்டத்துக்குப் பின்... – 9

வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயில் தேர் எப்போது ஓடும் என்பதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்தார்; இன்று துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். அதே ஊரில் எம்.ஏ. வரலாறோ தமிழோ முடித்து, பிஎச்.டி.க்கு மனுப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் ‘எப்ப சேரப்போற?’ என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

2024-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு புது ஏற்பாடு ஒன்றை அறிவித்தது. பல்கலைக்கழகங்கள் தனித்தனியே நுழைவுத் தேர்வு நடத்தாமல், தேசியத் தகுதித் தேர்வான ‘நெட்’டின் மதிப்பெண்ணை வைத்தே முனைவர் பட்டச் சேர்க்கையை முடிக்கலாம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்காதவர்களுக்கு நெட் மதிப்பெண் 70 விழுக்காடு, நேர்காணல் 30. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைத்த பிறகு, ஜூன் 18 அன்று 9 லட்சத்துக்கும் அதிகமானோர் தேர்வெழுதினார்கள். மறுநாளே தேர்வு ரத்து. வினாத்தாள் கசிந்தது என்ற சந்தேகம். அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிய படமே திருத்தப்பட்ட போலி என்று சி.பி.ஐ. விசாரணையில் பின்னர் தெரிந்தது!

மறுதேர்வு ஆகஸ்ட் 21-ல் தொடங்கி செப்டம்பர் முதல் வாரம் வரை நடந்தது. ரிசல்ட் வந்தபோது அக்டோபர் நடுப்பகுதி. ஆடியும் போய், ஆவணி, புரட்டாசியும் தாண்டியாகிவிட்டது.

மதிப்பெண் வந்தாலும் இடம் வந்துவிடாது. இதைப் பலர் தாமதமாகத்தான் அறிகிறார்கள். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு பேராசிரியர் 8 ஆய்வு மாணவர்களையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள முடியும். ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புது மாணவரை எடுக்கவே கூடாது. ஆக, காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் சரி, வேறெதுவாக இருந்தாலும் சரி, நம் பொருளில் ஆய்வு செய்யும் கைடிடம் அந்த வருடம் காலியிடம் இருக்க வேண்டும். அவருடைய பழைய மாணவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஆறு மாதம் தாமதித்தால், இங்கே ஒருவருடைய காத்திருப்பு நீளும். படிக்கிறவரின் திறமைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நிராகரிப்பு மின்னஞ்சலில் இது எழுதியிருக்காது என்பதால், பிள்ளைகள் தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

பணக் கணக்கும் இதில் உண்டு. ஜே.ஆர்.எஃப். என்றால் முதலிரு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் 8,000.

வெளிநாடு போனால் தீருமா? வீராம்பட்டினத்தை ஒட்டிய அரிக்கமேட்டில் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் அகழாய்வு நடத்தியவை பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும். அதே பென்சில்வேனியா 2025 தொடக்கத்தில் முனைவர் பட்டச் சேர்க்கையை வெட்டியது. அமெரிக்க அரசின் ஆய்வு நிதிக் குறைப்புதான் காரணம். துறைகள் தேர்வுசெய்து வைத்திருந்த சிலரிடமும் இடமில்லை என்று சொல்ல நேர்ந்தது. ஏ.கே. ராமானுஜன் கற்பித்த சிகாகோ பல்கலைக்கழகமோ, அவ்வாண்டு ஆகஸ்டில், கலை மற்றும் மனிதப்பண்பியல் துறைகள் பலவற்றில் 2026-27-க்குப் புது ஆய்வு மாணவர்களை எடுப்பதை நிறுத்துவதாக அறிவித்தது.

காத்திருப்பதில் புதுச்சேரி கண்ட பெரிய ஆள் ஒருவர் உண்டு. கியோம் லெ ழாந்தி, பிரெஞ்சு வானியலாளர். சூரியனின் முகத்தை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760-ல் பாரிசிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்டார். வந்து சேருமுன் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூனில் வெள்ளி கடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில் இருந்தார். அளவெடுக்க வழியில்லை. அடுத்த வாய்ப்பு 1769-ல். மனிதர் ஊர் திரும்பவில்லை. கீழைக் கடல்களிலேயே சுற்றித் திரிந்து, புதுச்சேரி மீண்டும் பிரான்சிடம் வந்த பிறகு இங்கே வந்து ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலை. மேகம் மூடிக்கொண்டது. 1771-ல் நாடு திரும்பினால், அவர் செத்துவிட்டதாக முடிவுகட்டிச் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். பிரெஞ்சு அறிவியல் அகாதெமியில் அவர் இடமும் போயிருந்தது.

அவருக்கு வந்ததைப் போன்ற ரிசல்ட் யாருக்கும் வர வேண்டாம். ஆனால் புதுச்சேரியில் இருந்த நாட்களில் அவர் தமிழ் வானியலாளர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். வீராம்பட்டினத்து ஆற்றங்கரையில் ஊரார் பெரிய பழஞ்செங்கற்களை எடுப்பதைக் குறித்துவைத்தார். அரிக்கமேட்டு ஆய்வு வரலாற்றின் முதல் பக்கங்களில் அந்தக் குறிப்பு இருக்கிறது. வெள்ளியைக் கோட்டை விட்டவரின் பெயர் செங்கல்லில் நிலைத்தது.

வீராம்பட்டினத்துப் பிள்ளைக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம் நடந்துபோகும் தூரத்தில். அவருக்குப் பின் வந்த ழான்-மரி கசாலின் அறிக்கை 1949-ல் வெளியானது. அதன் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தின் பெயர் இருக்கிறது. அது பிரெஞ்சில் உள்ளது. பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படித்த புதுவை மாணவருக்கு, டெல்லியிலிருந்து விண்ணப்பிக்கும் பலருக்கும் இல்லாத சாவி கையில் இருக்கிறது. பெக்லியின் தொகுதிகள் 1996-லும் 2004-லும் வந்தன. 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இதே நகரில்தான். நேர்காணலில் ‘உங்கள் கேள்வி என்ன?’ என்று கேட்கும்போது, இவற்றை ஒப்பிட்டுப் படித்தவர் சொல்லும் பதிலும் வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்தவர் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்காது.

விதிகளையும் தலைவிதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. கிரேட்டர் நொய்டாவில் மத்தியத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு 2020 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. தகுதிக்குரிய செம்மொழிகள் என்று சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம் இருந்தன. தமிழ் இல்லை. 2004-லேயே செம்மொழியாக அறிவிக்கப்பட்ட மொழி! தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. முதல்வர் பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கும் வந்தது. சில நாட்களிலேயே திருத்திய அறிவிப்பு வந்து, எம்.ஏ. தமிழ் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றானது. அந்தப் படிப்பில் மொத்த இடங்கள் 15.

(தொடரும்)