காலி புளூ-ரே ஏன் இத்தனை விலை? வாங்குமுன் கொஞ்சம் கேளுங்கள்

பத்து காஜாவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் பலவும் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போய்விட்டன. லயத்தில் வாழ்ந்தவர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்தார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவும் அக்காள் கல்யாணமும் தாத்தாவின் குரலும் இன்று பழைய வீடியோக்களில்தான் இருக்கின்றன. அவற்றை நல்ல தட்டு ஒன்றில் ஏற்றி வைக்கலாம் என்று கடைக்குப் போனால், காலி டிவிடியைப்போல் பல மடங்கு விலை சொல்கிறார்கள் புளூ-ரேக்கு. ஏமாற்றுகிறார்களோ என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த விலைக்குப் பெரும்பாலும் காரணம் இருக்கிறது.

பதிவு எழுதப்படும் தடங்களுக்கு இடையே சி.டி.யில் 1.6 மைக்ரோன் இடைவெளி; டிவிடியில் 0.74, புளூ-ரேயில் வெறும் 0.32. டிவிடியின் பதிவு அடுக்கு 0.6 மி.மீ. தகடுகள் இரண்டுக்கு நடுவே பத்திரமாக இருக்கும். புளூ-ரேயிலோ அது மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்திலேயே இருப்பதால் கீறல் தாங்கும் கடினப் பூச்சு தேவை. இவ்வளவு நுணுக்கத்துக்குப் புதிய இயந்திரங்கள் வேண்டும், காப்புரிமைக் கட்டணமும் கட்ட வேண்டும். சி.டி., டிவிடி இயந்திரங்களுக்குப் போட்ட முதல் எப்போதோ திரும்பிவிட்டது.

1990களின் தொடக்கத்தில் காலி சி.டி.யும் விலை கூடியதுதான். கோடிக்கணக்கில் விற்ற பிறகே அது சென் கணக்குக்கு இறங்கியது. புளூ-ரே அந்த நிலையை எட்டுவதற்குள் பென் டிரைவும் இணையச் சேமிப்பும் வந்துவிட்டன. காலி புளூ-ரே தயாரிப்பைப் பானாசோனிக் 2023 பிப்ரவரியிலும் சோனி 2025 பிப்ரவரியிலும் நிறுத்தின. ஆகவே விலை இறங்கட்டும் என்று காத்திருப்பது வீண். ஒரு தட்டின் விலையைப் பார்க்காமல் கொள்ளளவைப் பாருங்கள்: 25 ஜி.பி. புளூ-ரே ஒன்று, 4.7 ஜி.பி. டிவிடி ஐந்துக்கும் மேல் சமம்.

விலை கூடினால் ஆயுளும் கூடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். உறையில் 'எல்.டி.எச்' என்றிருக்கும் புளூ-ரே, சி.டி.யைப் போலவே கரிமச் சாயத்தில்தான் பதிகிறது. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தின் எதிரி. 'எம்-டிஸ்க்' என்ற வகைத் தட்டு ஆயிரம் ஆண்டு தாங்கும் என்பது தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. யாரும் இருந்து பார்த்ததில்லை. டிவிடி டிரைவில் புளூ-ரே ஓடாது என்பதையும் கடைக்காரர் சொல்லாமல் விடுவதுண்டு, கேட்டு வாங்குங்கள். எந்தத் தட்டில் ஏற்றினாலும் வேறொரு கருவியில் முழுவதும் ஓட்டிப் பார்த்து, இன்னொரு நகல் எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். நஷ்ட ஈடு எவ்வளவு கிடைத்தாலும் அழிந்த காட்சி திரும்பி வராது.

தட்டே பழுதென்றால் சட்டம் உங்கள் பக்கம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும்; அதில் நீடித்து உழைப்பதும் அடங்கும். 50 ஜி.பி. என்று எழுதி 25 ஜி.பி. தட்டை விற்பது பொய்யான விவரம் கொடுத்த குற்றம். ரசீதில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருந்தாலும் அந்த வரி உங்கள் உரிமையைப் பறிக்காது. கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் ரசீது, உறை, தட்டு மூன்றையும் வைத்துக்கொண்டு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுங்கள். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்த மூன்றாண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். கல்யாண வீடியோ எடுத்தவர் கொடுத்த டிவிடி ஓடவில்லை என்றாலும் இதே வழிதான்; காசு வாங்கிக்கொண்டு செய்த சேவையும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது.