அட்டையில் வரும் குளவி

திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் திருவாலங்காட்டுப் பக்கத்து வயல்களில், தோகையின் அடியில் பின் அடித்த அட்டைத் துண்டைப் பார்த்தால் பிய்த்துவிடாதீர்கள். மிளகுத்தூளை ஒட்டவைத்தது போலிருக்கும் அந்த அட்டையிலிருந்து குளவிகள் வரப்போகின்றன.

பெயர் டிரைக்கோகிரம்மா கிலோனிஸ். நீளம் சுமார் அரை மில்லிமீட்டர். கொட்டுமோ என்ற பயம் வேண்டாம். இதன் ஊசி முட்டையிட மட்டுமே, அதுவும் அடுத்தவர் முட்டைக்குள். கரும்புத் தண்டைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவின் தாய் அந்துப்பூச்சி தோகையில் வைத்த முட்டைமேல் பெண் குளவி ஏறி, உணர்கொம்பால் தட்டியபடி நடக்கிறது. கடக்க ஆகும் நேரத்தை வைத்தே முட்டையின் அளவைக் கணித்து, தான் எத்தனை இடலாம் என்று முடிவெடுக்கிறது! வேறொரு குளவி முன்பே நடந்த முட்டையானால் பெரும்பாலும் விலகிவிடும். 1930களில் ஜார்ஜ் சால்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அப்படிப்பட்ட முட்டைகளைக் கழுவிக் கொடுத்தார், குளவிகள் ஏமாந்தன. காலடி வாசனைதான் அதுவரை காட்டிக்கொடுத்தது.

உள்ளே பொரிக்கும் குளவிப்புழு அந்துப்பூச்சியின் கருவைத் தின்று வளர்கிறது. நாலாம் நாள் வாக்கில் முட்டை கறுக்கும். எட்டுப் பத்து நாளில் ஓட்டைத் துளைத்துக் குளவி வரும்.

அட்டைக்கான முட்டை அரிசி அந்துப்பூச்சியுடையது. அதைக் கம்பு நொய்யில் வளர்த்து, முட்டைகளைப் புற ஊதா ஒளியில் காட்டிக் கருவைக் கொன்றபின் குளவியிடம் விடுகிறார்கள். இல்லாவிட்டால் பொரிக்கும் அந்துப்புழுக்கள் பக்கத்து முட்டைகளையே தின்று தீர்த்துவிடும். அட்டையைச் சிசி (கன சென்டிமீட்டர்) கணக்கில் அளக்கிறார்கள். ஒரு சிசி என்பது சுமார் 18,000 முதல் 20,000 முட்டை. கரும்பின் நாலாம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, ஹெக்டேருக்கு 2.5 சிசி வீதம் ஆறு முறை கட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

கட்டியும் பயனில்லை என்பவர்களில் பலர், என் கணிப்பில், இதை மருந்தாக நினைப்பவர்கள். தண்டுக்குள் புகுந்துவிட்ட புழுவை இந்தக் குளவி தொடவே தொடாது. பூச்சிமருந்து அடித்த கையோடு அட்டையைக் கட்டினால் குளவிதான் முதலில் சாகும். உச்சி வெயிலும் எறும்பும் ஆகாது.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டினால் நெல். அங்கே இலைச்சுருட்டுப் புழுவுக்கு இதே குளவி போதும். குருத்துப்பூச்சியோ தன் முட்டைக் குவியலை வயிற்று ரோமத்தால் மூடிவைக்கிறது. அதற்கு இதன் உறவான டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.