உண்மைத் திருச்சபை எது?



கிறிஸ்து சமயத்தவர் வாழும் ஊர்கள் பலவற்றில், நம் ஈழநாட்டிலுந்தான், ஒரே வீதியில் இரண்டு மூன்று ஆலயங்கள் வெவ்வேறு சபைகளின் பெயர் தாங்கி நிற்பதைக் காண்கின்றோம். எல்லாவற்றிலும் வாசிக்கப்படுவது வேதாகமம். தொழப்படுவது ஒரே ஆண்டவரின் நாமம். ஆயினும் ஒரு சபையார் மற்றொரு சபையாரின் நற்கருணையிற் பங்குகொள்ள முடியாத நிலை பல இடங்களில் உண்டு. கணவன் ஓர் ஆலயத்துக்கும் மனைவி வேறோர் ஆலயத்துக்கும் செல்லும் குடும்பத்திலே, பிறந்த பிள்ளைக்கு எங்கே ஞானஸ்நானம் கொடுப்பது என்ற வினா உறவினரையே பிரித்துவிடுவதுண்டு. ஆதலின், உண்மைத் திருச்சபை எது என்னுங் கேள்வி நூலறிஞருக்கு மாத்திரம் உரியதன்று. அது வீட்டு வாசலில் வந்து நிற்குங் கேள்வி. இதற்கு வேதநூல் தரும் விடையை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலிற் சொல்லை நோக்குவோம். புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் திருச்சபையைக் குறிக்குஞ் சொல் 'எக்கிளேசியா' என்பதாகும். கூட்டம், அவை என்பது அதன் பொருள். அப்போஸ்தலருடைய நடபடிகள் 19ஆம் அதிகாரத்திலே எபேசு நகரத்தில் ஆரவாரஞ் செய்து கூடிய மக்கட் கூட்டத்தைக் குறிப்பதற்கும் இச்சொல்லே வந்துள்ளது. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தோர், கடவுள்முன் கூடிய இஸ்ரவேல் மக்களின் சபையைச் சுட்டவும் இதனை ஆண்டனர். நான்கு நற்செய்தி நூல்களுள் இச்சொல் காணப்படுவது மத்தேயுவில் மாத்திரமே; அங்கும் இரண்டு அதிகாரங்களில் மட்டுமே. 16ஆம் அதிகாரத்தில் இயேசு பேதுருவை நோக்கித் தமது சபையைக் கட்டுவதாக உரைக்கின்றார். 18ஆம் அதிகாரத்தில் குற்றஞ்செய்த சகோதரனைத் திருத்தும் முறையைக் கற்பிக்கின்றார். ஆகவே திருச்சபை என்பது முதலிற் கட்டடமுமன்று, பெயர்ப்பலகையுமன்று. அழைக்கப்பட்டுக் கூடிய மக்களே அது.

அம்மக்களை எதனால் அறிவது? நடபடிகள் 2ஆம் அதிகாரம் எருசலேமிலே தோன்றிய முதற் சபையை வருணிக்கின்றது. அவர்கள் நான்கு காரியங்களில் உறுதியாய் நிலைத்திருந்தனர் என்கின்றது அந்நூல். அப்போஸ்தலரின் போதனை ஒன்று, ஒருவரோடொருவர் கொண்ட ஐக்கியம் இரண்டு, அப்பம் பிட்குதல் மூன்று, செபம் நான்கு. உடைமையை விற்று, இல்லாதவர்க்குப் பகிர்ந்தளித்தனர் என்பதும் அங்கேயே சொல்லப்படுகின்றது. பின்வந்த சபைகள் யாவும் தத்தம் உரிமையை நாட்ட இந்நான்கினுள் ஒன்றையோ பலவற்றையோ பற்றுக்கோடாகக் கொண்டன.

இரண்டாம் நூற்றாண்டிலே லியோன் நகர ஆயராயிருந்த இரனேயு, புதுப் போதனைகள் மலிந்த காலத்தில், அப்போஸ்தலர் தொட்டு ஆயர் வரிசை அறாது வந்த சபைகளை நோக்குமாறு கூறினார். கத்தோலிக்கரும் கீழைத்தேச வைதீகச் சபையாரும் இவ்வரிசையை இன்றுவரை போற்றுகின்றனர். 381ஆம் ஆண்டின் கொன்ஸ்தாந்தினோப்பிள் மகாசங்கத்தோடு தொடர்புபடுத்தி வழங்கும் விசுவாசப் பிரமாணம், திருச்சபைக்கு நான்கு இலக்கணங்களை வகுத்தது. அது ஒன்றாயிருத்தல், பரிசுத்தமாயிருத்தல், பொதுவாயிருத்தல், அப்போஸ்தலர் வழிப்பட்டதாயிருத்தல் என்பனவே அவை.

பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த சீர்திருத்தக்காரரோ, வரிசை மாத்திரம் போதாது, அவ்வரிசையில் ஒப்படைக்கப்பட்ட போதனை கெடாதிருத்தல் வேண்டும் என்றனர். 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்பேர்க் அறிக்கை, நற்செய்தி பழுதின்றிப் போதிக்கப்படுவதும், திருவருட்சாதனங்கள் முறைப்படி வழங்கப்படுவதும் எங்கேயோ அங்கே திருச்சபை உண்டு என்று விளக்கியது. 1560ஆம் ஆண்டின் ஸ்கொத்லாந்து அறிக்கை, சபை ஒழுங்கு என்னும் மூன்றாவது அடையாளத்தையும் சேர்த்தது. இருதிறத்தாரும் வேதநூலையே சான்றாகக் காட்டினர் என்பது கருதத்தக்கது.

இனி, பரிசுத்தம் என்ற இலக்கணத்தால் எழுந்த வழக்கொன்றைக் காண்போம். 303ஆம் ஆண்டில் உரோமப் பேரரசன் தியோக்கிலேத்தியான் தொடங்கிய கலாபனையில், வட ஆபிரிக்கக் குருமார் சிலர் அஞ்சித் திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர். அத்தகையோர் செய்த திருப்பணி செல்லாது, தூயோர் கூட்டமே திருச்சபை என வாதித்துப் பிரிந்தவர் தொனாத்தியர். கிப்போ நகர ஆயராகிய அகுஸ்தீன் இதனை மறுத்து, கோதுமையும் களையும் அறுவடைமட்டும் ஒருங்கே வளரும் உவமையை எடுத்துக்காட்டினார். தொனாத்தியரோ, அவ்வுவமையில் வயல் என்பது உலகமே, திருச்சபையன்று என விடையிறுத்தனர். 411ஆம் ஆண்டிலே கார்த்தேஜில் இருதரப்பு ஆயர்களும் கூடி வாதிட்டபோது, தீர்ப்பு தொனாத்தியருக்கு மாறாயிற்று.

இவ்வழக்கிலே பவுல் அடிகளின் கடிதம் நமக்கு நல்ல துணை. தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் சின்னப்பர் என அழைத்த அவர், கொரிந்து நகரச் சபைக்கு எழுதுகின்றார். அச்சபையில் நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்ற கட்சி உண்டு. சகோதரர் ஒருவர்மேலொருவர் தொடுத்த வழக்கு உண்டு. திருவிருந்திலே ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் வெறித்திருந்த இழிவும் உண்டு. இத்தனையையும் கடிந்துரைத்த அவர், கடிதத்தின் தொடக்கத்தில் அவர்களைக் கடவுளின் சபை என்றே விளிக்கின்றார். குறையுள்ள சபையும் சபையே என்பது இதனாற் போதரும்.

அப்படியாயின் எல்லாம் ஒன்றே எனக் கொள்ளலாமோ? வேதநூல் அதற்கு இடந்தரவில்லை. வேறொரு நற்செய்தியைப் போதிப்பவன் வானதூதனேயாயினும் ஏற்கற்க எனக் கலாத்தியருக்கு எழுதியவரும் அதே பவுல்தான். இயேசு கிறிஸ்து மானிட உடலெடுத்து வந்தார் என்பதை அறிக்கையிடுகின்றதா எனப் போதனையைச் சோதிக்கும்படி யோவானின் முதற் கடிதம் பணிக்கின்றது. ஆகவே குறைக்குப் பொறுதி உண்டு. அடிப்படையை மாற்றுதற்கு உடன்பாடு இல்லை.

இந்த அளவையை உணர்ந்தமையாலேயே அண்மைக் காலத்தில் சபைகள் ஒன்றையொன்று புதிய கண்ணோடு நோக்கலாயின. 1947ஆம் ஆண்டில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்திய ஐக்கிய சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாயின. 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனின் வழிவந்த சபையும் அதிற் சேர்ந்து யாழ்ப்பாண ஆதீனமாயிற்று. சபாபதி குலேந்திரன் அதன் முதற் பேராயரானார். 1964ஆம் ஆண்டிலே இரண்டாம் வத்திக்கான் மகாசங்கம், கிறிஸ்துவின் திருச்சபை கத்தோலிக்க சபையில் நிலைபெற்றுள்ளது என அறிக்கையிட்டபோதிலும், அதன் எல்லைக்கு அப்பாலும் பரிசுத்தத்தின் கூறுகளும் உண்மையின் கூறுகளும் பல உண்டு என ஏற்றுக்கொண்டது.

நிறைவாக, வெளிப்படுத்தல் நூலில் வரும் எபேசு சபையை நினைவுகூர்வோம். தம்மை அப்போஸ்தலர் என்று சொல்லிவந்த பொய்யரை அச்சபை சோதித்துச் சரியாகவே இனங்கண்டது. அதற்காகப் பாராட்டும் பெற்றது. எனினும் தன் ஆதி அன்பை விட்டமையால், மனந்திரும்பாவிடின் அதன் விளக்குத்தண்டே அகற்றப்படும் என்ற எச்சரிக்கையையும் கேட்டது. பிறருடைய போலியைக் கண்டறிவதிற் பிழையாத சபையும் தன் உயிரை இழத்தல் கூடும். தம் சீடரை உலகம் அவர்கள் ஒருவரிலொருவர் கொள்ளும் அன்பினால் அறியும் என்று ஆண்டவரே உரைத்தாரன்றோ?

உண்மைச் சபையின் பெயர் இன்னதென வேதநூல் எழுதி வைக்கவில்லை, அளவுகோலையே தந்துள்ளது. அவ்வளவுகோலை அடுத்த ஆலயத்தின் மதிலில் வைக்குமுன், நாம் தொழும் ஆலயத்தின் வாயிலில் வைத்துப் பார்த்தல் வேண்டும். நம் ஆலயத்தில் அப்போஸ்தலரின் போதனை கேட்கப்படுகின்றதா? திருவிருந்து நடைபெறும் வேளையிற் பசித்தவன் வெளியே நிற்கின்றானா? இவற்றிற்கு நேர்மையாய் விடை தேடுவோர், எந்த ஆலயத்தினராயினும், உண்மைத் திருச்சபைக்குச் செல்லும் வழியில் நடப்பவராவர்.