புளூடூத் இணைக்கும்போது வரும் ஆறு இலக்க எண் எதற்கு?

போனைக் காருடனோ இன்னொரு போனுடனோ புளூடூத்தில் முதன்முறையாக இணைக்கும்போது, இரண்டு திரைகளிலும் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். இரண்டும் ஒன்றுதானா என்று கேட்கும். நம்மில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. ‘ஓகே’யை அழுத்திவிட்டு பயான் கேட்க ஆரம்பித்து விடுகிறோம். ஆனால் புளூடூத் பாதுகாப்பில் நம் கண்ணை நம்பி விடப்பட்டிருக்கும் வேலை அது ஒன்றுதான்.

முன்பெல்லாம் 0000 அல்லது 1234 என்று நான்கு இலக்க எண்ணை அடிப்போம். நான்கு இலக்கம் என்றால் மொத்தமே 10,000 எண்கள். இணைக்கும் நேரத்தில் காற்றில் போகும் தகவலைப் பதிவு செய்துகொண்ட ஒருவர், அத்தனை எண்களையும் கணினியில் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு நொடிக்குள் இது முடியும் என்று 2005லேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2007ல் வந்த புளூடூத் 2.1 பதிப்பில் முறை மாறியது.

இப்போது ஒவ்வொரு கருவியும் இரண்டு சாவிகளை உருவாக்குகிறது. ஒன்றை மற்றக் கருவிக்கு அனுப்பும். இன்னொன்றை வெளியே விடாது. தன்னிடம் இருப்பதையும் வந்ததையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரு கருவிகளுக்கும் ஒரே ரகசியம் கிடைக்கும். அந்த ரகசியம் காற்றில் போவதே இல்லை. எனவே ஒட்டுக்கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

மிஞ்சுவது ஆள்மாறாட்டம். நடுவில் ஒருவர் புகுந்து, போனிடம் ‘நான்தான் கார்’ என்றும் காரிடம் ‘நான்தான் போன்’ என்றும் நடித்தால்? அப்போது இரு பக்கமும் கணக்கு வேறாகும், திரையில் எண்களும் வேறாகும். தற்செயலாக ஒத்துப்போக 10 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். அந்த எண் ரகசியம் அல்ல, பக்கத்தில் இருப்பவர் பார்த்தாலும் பரவாயில்லை. ஒப்பிடாமல் ‘ஓகே’ கொடுப்பதுதான் தவறு.

காதில் மாட்டும் இயர்பட்ஸுக்குத் திரை கிடையாது. அதனால் ஒப்பிட வழியில்லை, கேட்டவுடன் இணைந்துவிடும். ஆகவே முதல் இணைப்பைக் கடைவீதியிலோ பஸ் நிலையத்திலோ செய்யாமல் வீட்டில் செய்வது நல்லது. ஒருமுறை இணைந்தபின் சாவி இரண்டிலும் பதிந்திருக்கும், மறுபடி கேட்காது. பல மாதம் பழகிய கருவி கூட்டத்தின் நடுவே திடீரென்று ‘மீண்டும் இணைக்கவா?’ என்றால் மறுத்துவிடுங்கள்.

கார் விஷயத்தில் இன்னொன்று. அனுமதி கொடுத்தால் போனில் உள்ள பெயர்களும் எண்களும், வீட்டுப் பெண்களின் எண்கள் உட்பட, காரின் நினைவகத்துக்குப் போய்விடலாம். வளைகுடாவில் வாடகைக் கார் எடுப்பவர்கள் இதை அடிக்கடி மறக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கும்முன் போனில் அழித்தால் போதாது, காரின் பட்டியலிலிருந்தும் உங்கள் போனை நீக்க வேண்டும். சொந்தக் காரை விற்கும்போதும் அப்படித்தான்.

இந்த முறையிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டதுண்டு. சாவியின் பலத்தையே குறைத்துவிடும் ‘நாப்’ என்ற தாக்குதல் 2019ல் வெளியே தெரிந்தது. அதற்கான திருத்தம் சாப்ட்வேர் அப்டேட்டில்தான் வந்தது. போனை அப்டேட் செய்பவர்கள்கூட இயர்பட்ஸை விட்டுவிடுகிறார்கள். பல கம்பெனிகள் அதற்கென்று தனி ஆப் வைத்திருக்கின்றன, அதில் பார்க்கலாம்.