செலுத்துத் தண்டும் பட்டறையாளரின் அறிவும்

1867ஆம் ஆண்டு வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்திலே, முழு வளர்ச்சியுற்ற இயந்திரத் தொகுதியை மார்க்ஸ் மூன்று கூறுகளாகப் பகுப்பார். இயக்கும் பொறி, இயக்கத்தைக் கடத்தும் அமைப்பு, வேலையைச் செய்யும் கருவி என்பன அவை. கைத்தொழிற் புரட்சி பற்றி எழுதியோர் பலர் முதலாவது கூறாகிய நீராவிப் பொறியையே விதந்து பேசினர். மார்க்சோ மூன்றாவது கூறிலிருந்தே அப்புரட்சி தொடங்கியதென நிறுவினார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கடத்தும் அமைப்பு நம் கவனத்தை அதிகம் பெறுவதில்லை. அதன் ஓர் உறுப்பாகிய முன்செலுத்துத் தண்டு எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதையும், அதனை ஆக்கும் உழைப்பில் எத்தகைய அறிவு பொதிந்துள்ளது என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

லாண்ட் ரோவர் வாகனம் 1948இல் அறிமுகமாயிற்று. பிரித்தானியத் தோட்டத்துரைமார் டார்ஜிலிங் மலைகளில் விட்டுச்சென்ற இவ்வாகனங்கள் காலப்போக்கில் உள்ளூர்ச் சாரதிகளின் கைக்கு மாறின. மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பூவுக்குச் செல்லும் கரடுமுரடான ஏற்றப் பாதையில் அவை பல தசாப்தங்களாகப் பயணிகளையும் பொருள்களையும் ஏற்றிச் சென்றன. பழைய பெற்றோல் பொறி தேய்ந்தபின் அவற்றுட் பலவற்றில் மகிந்திரா டீசல் பொறி பொருத்தப்பட்டது. துரைமாரின் அதிகாரச் சின்னமாக வந்த வாகனம் உழைப்போரின் வாழ்வாதாரமாக மாறியமைக்குப் பட்டறையாளரின் கைத்திறனே காரணமாகும்.

இத்தகைய மாற்றமே புதிய தண்டினை வேண்டிநிற்கின்றது. நான்கு சில்லுகளும் இயக்கப்படும் வாகனத்தில், கியர்ப்பெட்டியிலிருந்து முன் அச்சுக்கு இயக்கத்தைக் கொண்டுசெல்வது முன்செலுத்துத் தண்டு. தொழிற்சாலை அதனை ஒரு மாதிரி வாகனத்தின் அளவுக்கேற்ப ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்கின்றது. பொறியும் கியர்ப்பெட்டியும் சிறிது இடம் மாறினாலோ, வில்தகடுகள் உயர்த்தப்பட்டாலோ, அத்தண்டு பயன்படாது போகலாம். சந்தையில் விலைபோகும் பண்டம் இக்குறிப்பிட்ட வாகனத்திற்குப் பயன்பெறுமதி அற்றதாகின்றது. இனி ஒரேயொரு வாகனத்திற்கென ஒரு தண்டைச் செய்தாக வேண்டும்.

முதற் பணி அளவெடுத்தல். வாகனத்தைப் பாரந்தூக்கியால் உயர்த்திவைத்து அளந்தால் அளவு பிழைக்கும். அது சமதரையில், தன் சில்லுகளின் மீது, தன் முழு எடையுடன் நிற்கவேண்டும். பின்னர் வில்கள் முற்றாக நெரிபடும் நிலையிலும், அச்சு முற்றாகக் கீழிறங்கும் நிலையிலும் இடைத்தூரத்தை மீண்டும் அளத்தல் வேண்டும். இந்நீள வேறுபாட்டை ஏற்பதற்கே தண்டின் ஒரு பகுதி மற்றதனுள் நழுவுமாறு தவாளிப்புகள் வெட்டப்படுகின்றன. மிகக் குறுகிய நிலையில் அவை முட்டிக்கொண்டால் தண்டின் அழுத்தம் கியர்ப்பெட்டியைத் தாக்கும். மிக நீண்ட நிலையில் போதிய பிடி இல்லாவிடின் தண்டு கழன்று விழும்.

தண்டின் இரு முனைகளிலும் மூட்டுகள் உள. இரண்டு கவைகளை ஒரு சிலுவைத்துண்டு இணைப்பதே இம்மூட்டு. பதினாறாம் நூற்றாண்டின் கார்டானோவின் பெயராலும், 1676இல் இதனை விவரித்த ரொபர்ட் ஹூக்கின் பெயராலும் இது வழங்கப்படுகின்றது. இம்மூட்டு இயக்கத்தைக் கடத்துவதோடு நில்லாது அதனை உருமாற்றவும் செய்கின்றது. மூட்டு 20 பாகை வளைந்திருக்க, நிமிடத்திற்கு 1,000 சுற்று என்ற சீரான வேகம் உட்செல்லுமாயின், வெளிவரும் வேகம் ஏறத்தாழ 940க்கும் 1,064க்கும் இடையே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறி இறங்கும். கண்ணுக்குப் புலனாகாத இவ்வூசலாட்டமே அதிர்வாகவும் தேய்வாகவும் வெளிப்படுகின்றது.

இதனை நீக்கும் வழி இரண்டாவது மூட்டிலேயே உள்ளது. முதலாவது மூட்டு தோற்றுவித்த சீரின்மையை, எதிர்முறையான சீரின்மையால் இரண்டாவது அழித்துவிடும். அதற்கு இரு நிபந்தனைகள் உண்டு. தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமைதல் வேண்டும். இரு மூட்டுகளின் கோணங்களும் சமமாதல் வேண்டும். முதலாவதை உறுதிசெய்யப் பட்டறையாளர் குழாயின் நீளத்திற்கு ஒரு நேர்கோடு கீறிக்கொள்வார். அக்கோடு பிசகினால் முரண்கள் ஒன்றையொன்று அழிப்பதற்குப் பதிலாக ஒன்றோடொன்று கூடிவிடும்.

இரண்டாவது நிபந்தனை முன் அச்சில் எளிதன்று. வாகனத்தை உயர்த்தும்போது கோணம் கூடுகின்றது. அதனைக் குறைக்க அச்சைத் திருப்பினால், சில்லுகளைத் திருப்பும் முனைகளின் பின்சாய்வு குறைந்து, வாகனம் நேர்வழியில் நிலையாக ஓடாது. இத்தகைய இடத்தில் கியர்ப்பெட்டிப் பக்கத்தில் இரு சிலுவைத்துண்டுகள் கொண்ட இரட்டை மூட்டினைப் பொருத்தி, கோணத்தை அவற்றிடையே பகிர்ந்துவிடுவர். அச்சின் பக்கத்து மூட்டு அப்போது ஏறத்தாழ நேராக நிற்கவேண்டும். பழைய தண்டை நீட்டி ஒட்டினாற் போதும் என்று கருதுவோர் தவறுவது இவ்விடத்திலேயாம்.

அடுத்துக் குழாய். திண்ணிய இரும்புக் கம்பி ஏன் கூடாது? வெளிவிட்டம் 50 மில்லிமீற்றரும் சுவர்த்தடிப்பு 3 மில்லிமீற்றரும் உடைய குழாயை எடுத்துக்கொள்வோம். அதே விட்டமுடைய திண்ணிய தண்டின் எடையில் அதற்குக் காற்பங்கும் இல்லை; முறுக்கத்தைத் தாங்கும் ஆற்றலோ ஐந்தில் இரண்டு பங்கு. முறுக்கத்தை எதிர்ப்பதில் புறத்தேயுள்ள இரும்பே பெரும்பங்கு வகிப்பதால் இது சாத்தியமாகின்றது. குழாயின் முனையைக் கடைசல் இயந்திரத்தில் செங்குத்தாக வெட்டி, கவையை இறுக்கமாகச் செலுத்தி, எதிரெதிரான நான்கு இடங்களில் மட்டும் முதலில் உருக்கியொட்டுவர். சுழற்றிப் பார்த்து, கோட்டத்தைத் தட்டி நிமிர்த்திய பின்னரே முழுச்சுற்றும் ஒட்டப்படும். ஓரிடத்தில் சூடு மிகுந்தால் குழாய் வளையும். இறுதியாகச் சிறு எடைகளை ஒட்டிச் சமநிலைப்படுத்துவர். முன்சில்லுகளைத் தண்டிலிருந்து விடுவிக்கும் அமைப்பு இல்லாத வாகனத்தில், முன்னியக்கம் துண்டிக்கப்பட்ட வேளையிலும் இத்தண்டு சுழன்றுகொண்டே இருக்குமாதலால், சமநிலைப்படுத்தலைத் தவிர்க்கவியலாது.

இத்தனை கவனம் எதற்கு? எடுத்துக்காட்டாக, 150 நியூட்டன் மீற்றர் முறுக்கம் தரும் பொறி, முதற் கியரில் 3.5 மடங்காகவும் தாழ்நிலைக் கியரில் 2.5 மடங்காகவும் பெருக்கப்படின், 1,300 நியூட்டன் மீற்றருக்கு மேற்பட்ட முறுக்கம் எழும். பின்சில்லுகள் பிடியிழந்த கணத்தில் அதன் பெரும்பகுதி முன்தண்டின் மீதே விழலாம். சுழலும் தண்டு முறிந்தால் பிரேக் குழாய்களை அறுக்கக்கூடும். செங்குத்தான சரிவில் சாரதியின் உயிரும் பயணிகளின் உயிரும் அந்த ஒட்டிலே தங்கியுள்ளன.

மூளை உழைப்பும் உடல் உழைப்பும் பிரிந்த சமுதாயத்தில், மூட்டின் சமன்பாட்டை எழுதுபவர் அறிஞர், குழாயிலே கோடு கீறுபவர் வெறுந் தொழிலாளி எனக் கொள்ளப்படுகின்றனர். ஹூக்கிடம் இப்பிரிவு இருக்கவில்லை. இச்சீரின்மையை ஒரு கருவியாக்கிச் சூரியக் கடிகாரத்திற்குப் பயன்படுத்தலாமெனக் கண்டவர் அவர். எனினும், பட்டறை அறிவை மிகைப்படுத்திப் போற்றுவதும் நம் நோக்கமன்று. கோணங்களின் காரணத்தை அறியாத கை, பழகிய வாகனத்தில் வெற்றிபெற்றுப் புதிய வாகனத்தில் தவறும். நடைமுறையைத் தீண்டாத சமன்பாடோ ஒரு வாகனத்தையும் மலையேற்றாது.

பட்டறையில் வழங்கும் சொற்களும் செய்முறைகளும் பெரும்பாலும் வாய்மொழியாகவே கையளிக்கப்படுகின்றன. அவற்றை நாட்டார் வழக்காறுகளைத் திரட்டும் அதே பொறுப்புடன் பதிவுசெய்தலும், அவற்றின் காரணங்களைத் தொழிலாளருக்கு விளங்கும் தமிழில் அவர்களிடமே திருப்பியளித்தலும் பல்கலைக்கழகத்தாரின் கடன். பட்டறையாளர் கீறிய கோட்டைப் பிழைபடாது படிக்க நாம் முதலிற் கற்றுக்கொள்ளல் வேண்டும்.